முக்கால் வாளி

என் வலது குதிகாலை நான் நம்புவதில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்து முடித்து, முஸல்லாவை விரித்து, தக்பீர் சொல்லிக் கையைக் கட்டியதும் அந்தக் குதிகால் என்னைக் கூப்பிடும். நனைந்ததா, இல்லையா? நனைந்தது என்பது எனக்கே தெரியும். குளியலறையிலிருந்து முஸல்லா வரைக்கும் ஈரக் கால்தடம் பதிந்து கிடக்கும். ஆனாலும் பின்பக்கம் ஒரு நகக்கண் அளவுக்கு இடம் காய்ந்து போயிருந்தால்? அந்த ஒரு புள்ளிக்காக இந்தத் தொழுகை முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டால்? தொழுகையை விட்டுவிட்டு மறுபடியும் குளியலறைக்குப் போவேன். போனால் காலை மட்டும் கழுவிவிட்டு வர மனம் ஒப்பாது. முதலிலிருந்து எல்லாவற்றையும் கழுவுவேன். திரும்பி வந்து நின்றால் அடுத்தது முழங்கையின் முறை.

இது சென்ற வருடம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டில் பெண்கள் கூடி ஓதுவோம். ஒருநாள் கடலுக்கு அந்தப்பக்கம் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, தொழுகையைக் கெடுக்கும் சின்னச் சின்னத் தவறுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். மற்றவர்களெல்லாம் சமோசா தின்றுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் அந்தக் காய்ந்த புள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கு முன் நான் நடுத்தரமான ஆள். பள்ளிக்கூடத்தில் மதியத் தொழுகை லுஹர் தவறிவிடும், வீட்டுக்கு வந்து விட்டதைக் களா செய்துகொள்வேன். நோன்பு விட்டதில்லை, ஆனால் சுபுஹுக்கு எழுவதற்குள் பொழுது விடிந்துவிடும். இந்தத் தீவில் பொழுது விடிவதற்கு அவசரம் அதிகம். நாற்பது வயதுக்கு மேல் இனியாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை பொய் இல்லை. முதல் சில வாரங்கள் அத்தனை இனிப்பாக இருந்தன. தண்ணீர் முகத்தில் பட்டதும் உள்ளே ஏதோ இளகியது. பிறகு எந்த நாளில் என்று தெரியாமல் இளகல் போய்விட்டது, தண்ணீர் மட்டும் நின்றது.

எங்கள் வீடு பாம்பூஃப்ளாட்டில் மேட்டின் மேல் இருக்கிறது. மூன்று குடித்தனம் வரிசையாக உள்ள லைன் வீடு. தகரக் கூரை, வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு. நடுவீடு எங்களுடையது. இடப்பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டதால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வலப்பக்கத்தில் கச்சால் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் இருந்தாள். அவளைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அவள் புருஷன் ரோடு வேலைக்கு திக்லிபூர் போனால் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான். பத்து மாதக் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். என்னை டீச்சரக்கா என்று கூப்பிடுவாள். நான் அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் காலையில் சாத்தம் போகும் போட்டைப் பிடித்தாக வேண்டும்.

பலகைத் தடுப்பில் எந்த ரகசியமும் நிற்காது. ஒருநாள் அவள், "டீச்சரக்கா, காலையில ஒங்க வீட்டுல மழ பெய்யிற சத்தம் கேட்டுத்தான் நான் முழிச்சுக்கிறேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. அன்றிலிருந்து வாளிக்குள் துணியைப் போட்டு, குழாய்ச் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். கழுவுவதை மட்டும் குறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இல்லை. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் மை விரலில் ஒட்டியிருந்தால் அதற்கடியில் தண்ணீர் போகுமா? போகும் என்று ஒரு மனம் சொல்லும், போகாது என்று இன்னொரு மனம் சொல்லும். இடைவேளை முழுவதும் விரலைத் தேய்த்துத் தேய்த்து, மணி அடித்த பிறகு ஈரக் கையோடு ஏழாம் வகுப்புக்குள் ஓடுவேன். போட்டில் நின்றால் தளத்தில் கிடக்கும் டீசல் கறை செருப்பைத் தாண்டிக் காலில் பட்டதோ என்ற கவலை. இரண்டு முறை போட்டைத் தவறவிட்டேன். இரண்டாம் முறை படகுத்துறையில் நின்று, போட் போவதைப் பார்த்துக்கொண்டு, ஆத்திரத்தில் அழுதேன். யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். எண்ணெயும் கரியுமான வேலை. ஒரு மக் தண்ணீரில் ஒளு செய்துவிட்டு, பயணத்தில் இருப்பவருக்கு உண்டான சலுகைப்படி நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதுவிட்டு, நன்றாகத் தூங்குவார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கும். நீங்கள் இத்தனை லேசாக எடுத்துக்கொள்கிறீர்களே என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவனே லேசாக்கிக் கொடுத்திருக்கான். வேணாம் வேணாம், கஷ்டமாவே கொடுன்னு நான் ஏன் சண்ட போடணும்?" என்றார். பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டுவந்தார். மூன்று முறை கழுவு, திரும்பிப் பார்க்காதே, மற்றதெல்லாம் வஸ்வாஸ், ஷைத்தான் மனசுக்குள் ஊதுவது என்று ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். மறுநாள் புதிதாக ஒன்று கிளம்பியது. இவர் என் நிலைமையை ஹஜ்ரத்திடம் சரியாகச் சொன்னாரா?

மார்ச் மாதம் வந்தது. எங்களுக்குக் கோடை என்றால் வெயிலைவிடத் தண்ணீர்க் கஷ்டம்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் ஒரு மணி நேரம் நல் குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் இருக்கிற டிரம், வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய நீல டிரம் மூன்று பேருக்கு மூன்று நாள் தாராளமாக வரும். எனக்கு அது இரண்டாம் நாள் மாலையில் அடியைத் தட்டும். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவள் குளிக்க வேண்டிய தண்ணீரில் நான் என் கையை ஐந்தாம் முறை கழுவினேன். இதை எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை, அதுதான் உண்மை.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் வர வேண்டிய நாள். வரவில்லை. மேலே எங்கோ குழாய் உடைந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். போகிற வருகிறவர்களிடம் கேட்டால், "கல் ஆயேகா, கல்" என்றார்கள். நாளைக்கு வருமாம். டிரம்மைச் சாய்த்து வழித்ததில் ஒரு வாளியில் முக்கால் அளவு தேறியது. குடிக்கச் சின்னக் குடத்தில் தனியாகக் கொஞ்சம் இருந்தது. முக்கால் வாளியைக் குளியலறை மூலையில் வைத்து, தட்டைப் போட்டு மூடினேன். அஸர், மஃரிப், இஷா, நாளைக்கு சுபுஹு. நாலு வேளைக்கு அது என் கணக்கில் பத்தவே பத்தாது. மதியம் முழுவதும் அந்த வாளியைச் சுற்றித்தான் என் நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. குழந்தைக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கழுவிக் கழுவி, துணி அலசி அலசி, வீட்டில் இருந்த தண்ணீரெல்லாம் தீர்ந்துவிட்டது. ஹெல்த் சென்டரில் மருந்து கொடுத்திருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் நின்றுவிடும் என்றார்களாம்.

"ஒரு வாளி தண்ணி இருக்குமா டீச்சரக்கா? வந்ததும் மொதல்ல ஒங்களுக்கு ரொப்பிக் கொடுத்துடுறேன்."

நான் யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஏதாவது சமாதானம் இருந்திருக்கும். வாய் தானாகவே சொன்னது.

"இல்லம்மா. எங்களுக்கும் சுத்தமா தீந்துபோச்சு."

அவள் அதைச் சந்தேகப்படவில்லை. டீச்சரக்கா பொய் சொல்வாள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? ஐந்து வேளையும் தொழுகிறவள், வெள்ளிக்கிழமை ஓதப் போகிறவள். அவளுக்கு என்மேல் இரக்கம் வேறு வந்துவிட்டது, "அடடா, நீங்க புள்ளய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க" என்றாள். கீழே ஓடைப்பக்கம் ஒரு கிணறு இருக்கிறது. இறங்கினால் கால் மணி நேரம், தண்ணீரோடு ஏறினால் அரை மணி நேரம். குழந்தையை வைத்துக்கொள்ள முடியுமா, இடுப்பில் இதையும் வைத்துக்கொண்டு இரண்டு குடம் தூக்க ஏலாது என்றாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். குழந்தை வாடிய கீரைபோலத் துவண்டு என் தோளில் சாய்ந்தது.

என் மகள் கதவோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போனதும் தலையைத் தூக்காமல், மெதுவாக, "உம்மா, பாத்ரூம்ல தண்ணி இருக்கே" என்றாள்.

அது தொழுகைக்கு என்றேன். அவள் மறுபடியும் எழுதத் தொடங்கினாள்.

பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. கிணற்றுக்குப் போனவள் ஏதாவது மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தால்? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. தண்ணீர்ச் சத்தம் கேட்டால்? தட்டைத் திருடியைப்போல எடுத்தேன். ஒரே ஒரு மக் தண்ணீர் மொண்டேன். கையில் ஊற்றும்போது தரையில் சொட்டாமல் மணிக்கட்டோடு ஒழுகவிட்டேன். வாய் கொப்பளித்ததைச் சத்தமில்லாமல் மூலையில் வழியவிட்டேன். முகம், முழங்கை, தலை, கால். குதிகாலை ஒருமுறை விரலால் வழித்துவிட்டேன், அவ்வளவுதான். முடித்து நிமிர்ந்தபோது மக்கின் அடியில் இன்னும் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. எத்தனை மாதமாக, எத்தனை டிரம் கொட்டியும் முடியாமல் இருந்த காரியம் ஒரு மக்கில் முடிந்துவிட்டது. அல்லாஹ்வுக்குப் பயந்து செய்தபோது வராத அடக்கம், பக்கத்து வீட்டுக்காரியின் காதுக்குப் பயந்தபோது வந்திருந்தது. குதிகால் அன்றைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை.

முஸல்லாவில் நின்றேன். இரண்டாம் ரக்அத்தில் குழந்தை வீரிட்டது. கூடவே அந்த நாற்றம் வந்தது. மகள் அதைத் தட்டித் தட்டிச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் காலடி குளியலறைப் பக்கம் போனது. தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். மக் வாளியில் முங்கியது. நான் ருகூவில் குனிந்திருந்தேன். தொழுகையை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். கைக்குழந்தை அழுதால் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். குதிகாலுக்காகப் பலமுறை தொழுகையை விட்டவள் நான், ஒரு பிள்ளை அழுததற்காக விடவில்லை. அங்கேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று எத்தனை ரக்அத் தொழுதேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனை மக் என்று தெரியும். ஏழு.

ஸலாம் கொடுத்த வேகத்தில் எழுந்து போனேன். வாளி காலியாகச் சாய்ந்து கிடந்தது. குழந்தையைத் தன்னுடைய பூப்போட்ட துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் மகள். சோப்பு மணத்தது. குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டுத் தண்ணீரை எடுத்தாய் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். அவள் பயந்துதான் போனாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"பாப்பாதான் உம்மா அழுக்கா இருந்தா. நீங்க சுத்தமாத்தான இருந்தீங்க."

அதற்குள் வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தவள், இடுப்புக் குடத்தை முதலில் எங்கள் நிலைப்படிக்குள் இறக்கி வைத்தாள். ரவிக்கை தோள்வரை நனைந்திருந்தது. வேர்வையா தண்ணீரா என்று தெரியவில்லை.

"இது ஒங்களுக்கு டீச்சரக்கா. தொழுவணும்ல."

சொல்லிவிட்டு மற்றக் குடத்தையும் கீழே வைத்து, குழந்தைக்குக் கையை நீட்டினாள். வாங்கித் தோளில் போட்டதும் அவள் கன்னத்தில் ஈரத் தலை பட்டது. முகர்ந்து பார்த்தாள். துண்டை விலக்கிப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், திறந்து கிடந்த குளியலறையைப் பார்த்தாள். தரை முழுக்கத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் தொழுகைத் துப்பட்டாவோடு நின்றேன். அவள் தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வரேன் டீச்சர்" என்றாள்.

டீச்சரக்காவில் இருந்த அக்காவை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள். குடத்தையும்தான்.

மஃரிபும் இஷாவும் அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் தொழுதேன், வேறு வழியில்லை. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மக். அதற்கு மேல் தொட எனக்கு முகமில்லை. நெற்றி தரையில் பட்டபோதெல்லாம் ஓடைப்பக்கத்து மேடுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சுத்தமாக வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து வந்தார். பையை இறக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்போதும் என் புத்தி எங்கே போனது பாருங்கள், அந்த அஸர் கூடுமா, திருப்பித் தொழ வேண்டுமா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் எப்போதும் கேலி செய்கிறவர், அன்றைக்குச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எத்தன ரக்அத்துன்னு தெரியலன்னா திருப்பித் தொழுதுக்க. அது ஒனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது, அவன் மன்னிச்சுருவான். பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட பொய் சொன்னியே, அத அவன் மன்னிக்க மாட்டான். அவதான் மன்னிக்கணும்."

அவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அடியாருக்குச் செய்த குற்றத்தை அடியாரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஓதப் போன முதல் வருடத்திலேயே படித்த பாடம். காய்ந்த புள்ளியைத் தேடித் தேடி என்னைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பாடம் மட்டும் எப்படி மறந்துபோனது என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. என் டிரம்முக்கு முன்னால் அவள் குடத்தை நிரப்பினேன். தூக்கிக்கொண்டு போனபோது அவள் அடுப்படியில் குழந்தைக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். குழந்தை தேறித் தவழ்ந்துகொண்டிருந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு, இரவெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அன்றைக்கு என்னிடம் தண்ணீர் இருந்தது. முக்கால் வாளி இருந்தது. தொழுகைக்கென்று ஒளித்துவைத்துக்கொண்டு உன்னிடம் இல்லை என்று பொய் சொன்னேன். என்னை மன்னித்துவிடு.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. அடிப்பிடித்துவிடும் என்பதைப்போலக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"தொழுவணும்னு சொல்லியிருந்தா பாதி போதும்னிருப்பேனே."

பாதி. அத்தனை மாதத்தில் என் மனதுக்கு ஒருமுறைகூடத் தோன்றாத அளவு அது. முக்கால் வாளியில் பாதியைக் கொடுத்திருந்தாலும் எனக்கு நாலு வேளைக்கும் மிஞ்சியிருக்கும். அதைத்தான் அந்த ஒரு மக் அன்றைக்கே எனக்குக் காட்டியதே.

மன்னித்துவிட்டாயா என்று மறுபடியும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க என்னால் முடியாது, என் சுபாவம் அப்படி. அவள் கஞ்சியை இறக்கி வைத்தாள்.

"அத விடுங்க டீச்சர்" என்றாள்.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. டிரம் நிரம்பி வழிகிறது. நான் இப்போது ஒரு செம்பு வைத்திருக்கிறேன், ஒரு ஒளுவுக்கு ஒரு செம்பு. வாளிக்குள் துணி போடுவதில்லை, கேட்கிறவர்களுக்குக் கேட்கட்டும். குணமாகிவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். குதிகால் இன்னும் கூப்பிடுகிறது. பல நாள் போகாமல் இருந்துவிடுகிறேன், சில நாள் போகிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. என் மகளைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வருகிறது, தொழும்போது துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறது. அவளும் வந்து அழைத்துக்கொண்டு போகிறாள், பேசுகிறாள், குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். முறை தவறாமல், டீச்சர் என்கிறாள்.

விடுங்க என்று அவள் சொன்னது மன்னிப்புதானா, இல்லையா? ஒவ்வொரு ஸலாமுக்குப் பிறகும் வலப்பக்கத்துப் பலகைத் தடுப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சந்தேகத்தை மட்டும் எந்தத் தண்ணீரைக் கொண்டு கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.